ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதரும் நோட்டுஸ்வர ஸாஹித்யங்களும்

ஸ்ரீ:

உத்ஸவ காலத்தில் எம்பெருமான் திருவீதியில் எழுந்தருளும்போது முன்னே திவ்யப்ரபந்த கோஷ்டியும், பின்னே வேதபாராயண கோஷ்டியும், மங்கள வாத்யமும் சூழ்ந்து வருவதை ஸேவிக்கும் பாக்யம் பெற்ற அன்பர்களுக்கு, நாதமும் பகவானுக்கு ஸமர்ப்பிக்கத்தக்க ஓர் உபசாரமே என்பதைப் புதிதாகச் சொல்லவேண்டுவதில்லை. ஸ்ரீமந் நாதமுனிகள் ஆழ்வார்களின் அருளிச்செயல்களை இயல் என்றும் இசை என்றும் வகுத்து, தம் மருமக்கள் இருவருக்கும் தேவகானத்தில் உபதேசித்தருளிய வரலாறு நம் ஸம்ப்ரதாயத்தில் அனைவரும் அறிந்தது. அன்று முதல் இசை திருக்கோயிலின் கைங்கர்யங்களில் ஒன்றாக இருந்து வருகிறது.

அந்தக் கைங்கர்யத்தைத் தம் வாழ்நாள் முழுதும் க்ஷேத்ரம் க்ஷேத்ரமாகச் சென்று செய்தவர் ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதர். அவர் ஸ்ரீவித்யா உபாஸகர். ஸ்மார்த்த குலத்தில் உதித்தவர். ஆயினும் ஸ்ரீரங்கநாதனையும், கச்சி வரதனையும், திருவேங்கடமுடையானையும், மன்னார்குடி ராஜகோபாலனையும், திருவல்லிக்கேணிப் பார்த்தஸாரதியையும், நாகை ஸௌந்தரராஜனையும் ஸேவித்து அவர் பாடிய கிருதிகளை ஒதுக்கிவிட்டு நம் ஸங்கீத உலகில் பெருமாள் ஸ்துதியைப் பற்றிப் பேச இயலாது. 1775-ஆம் ஆண்டு அவதரித்த அந்த மஹானுக்கு 2025-இல் 250 ஆண்டுகள் நிறைந்தன. அவர் சரித்ரத்தில் பலரும் விரைவாகக் கடந்து செல்லும் ஒரு பகுதி உண்டு. சீமைக்காரர்களின் பாண்டு வாத்ய மெட்டுகளுக்கு அவர் ஸம்ஸ்க்ருத ஸாஹித்யம் இயற்றியதே அது. அதனை இந்த மலரின் வாயிலாக அன்பர்களுடன் சற்று நிதானமாகச் சிந்திக்க விரும்புகிறேன்.

அவதாரமும் இளமையும்

தீக்ஷிதரின் தந்தையார் ராமஸ்வாமி தீக்ஷிதர் (1735 - 1817) ஸங்கீதத்தில் பெரும் புலமை வாய்ந்தவர். வேங்கடமகியின் வழிவந்த ஸம்ப்ரதாயத்தில் பயின்றவர். ஹம்ஸத்வனி ராகத்தை உலகுக்கு அளித்தவர் இவரே என்பர். திருவாரூரில் வாஸம் செய்து, அங்குள்ள ஆலயத்தில் பூஜா காலங்களில் எந்த வேளையில் எந்த இசை வாசிக்கப்படவேண்டும் என்ற முறையைச் செம்மை செய்தார். நெடுங்காலம் புத்ரபாக்யம் இல்லாமையால் அவரும் தர்மபத்னி ஸுப்பம்மாளும் வைத்தீச்வரன் கோயிலில் முத்துக்குமாரஸ்வாமியை வேண்டி நின்றனர். அந்த அநுக்ரஹத்தால் பங்குனி மாதம் க்ருத்திகா நக்ஷத்ரத்தில் பிறந்த மூத்த குமாரருக்கு முத்துஸ்வாமி என்ற நாமம் சூட்டினர். பின்னர் சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி என இரு குமாரர்களும், பாலாம்பாள் என்ற குமாரத்தியும் பிறந்தனர்.

முத்துஸ்வாமி இளமையிலேயே வேதாத்யயனமும், காவ்யமும், வ்யாகரணமும் கற்றார். தந்தையாரிடம் வாய்ப்பாட்டும் வீணையும் கற்றார். பிற்காலத்தில் எந்த மெட்டு எதிரே வந்தாலும் அதற்கேற்ற சொல் அவர் வாக்கில் காத்து நின்றதற்கு இந்த அத்யயனமே மூலம். ஸாஹித்யம் செய்ய விரும்பும் இளைஞர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

மணலி வாஸம்

சென்னப்பட்டணத்துக்கு வடக்கே மணலி என்ற ஊரில் முத்துக்ருஷ்ண முதலியார் என்ற பிரபு இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷாக விளங்கியவர். அவர் திருவாரூர் சென்றபோது ராமஸ்வாமி தீக்ஷிதரின் வித்வத்தைக் கேட்டு மகிழ்ந்து, குடும்பத்துடன் மணலிக்கு அழைத்து வந்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் குமாரர் வேங்கடக்ருஷ்ண முதலியாரும் அதே அன்புடன் போஷித்தார்.

இக்காலத்தில் சின்னஸ்வாமிக்குக் கண்பார்வை மங்கிற்று என்றும், ராமஸ்வாமி தீக்ஷிதர் குடும்பத்துடன் திருமலைக்குச் சென்று, திருவேங்கடமுடையான் ஸந்நிதியில் நாற்பத்தெட்டு ராகங்கள் கொண்ட ராகமாலிகையைப் பாடி வேண்ட, பார்வை மீண்டது என்றும் வரலாறு வழங்குகிறது. மலையப்பனின் காருண்யம் இக்குடும்பத்தில் இவ்வாறு முன்னரே பதிந்திருந்தது.

வேங்கடக்ருஷ்ண முதலியார் கம்பெனி அலுவலாகப் புனித ஜார்ஜ் கோட்டைக்குச் செல்லும்போது தீக்ஷித ஸஹோதரர்களையும் உடன் அழைத்துச் செல்வார். அங்கே சீமைப் பட்டாளத்தாரின் பாண்டு முழங்கும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஐர்லாந்து தேசங்களின் நடன மெட்டுகளும், படை நடைக்குரிய மெட்டுகளும் அதில் வாசிக்கப்பட்டன. ராகம், கமகம், ஆலாபனை என்று வளர்ந்த செவிகளுக்கு அந்த ஒலி எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஸ்வரங்கள் அசைவின்றி நேராக நிற்கும். நடை ஒரே அளவாகத் துள்ளிச் செல்லும். ஒரு சிறு அங்கம் முடிந்ததும் மறுபடி அதுவே வரும்.

ஸஹோதரர்கள் இதனை வெறும் கூச்சல் என்று தள்ளவில்லை. இளையவரான பாலுஸ்வாமி அந்தக் கோஷ்டியில் இருந்த பிடில் வாத்யத்தில் மனம் பற்றினார். முதலியார் ஓர் ஐரோப்பிய வித்வானை அமர்த்தி மூன்றாண்டுகள் போல் அவருக்குக் கற்பிக்கச் செய்தார். கற்ற பின் பாலுஸ்வாமி அதில் நம் ராகங்களை வாசித்துக் காட்டினார். இன்று பிடில் இல்லாத கச்சேரியை நம்மால் நினைக்கவும் முடிவதில்லை. தீக்ஷிதரின் சிஷ்யரான தஞ்சை வடிவேலுவும் அந்த வாத்யத்தில் வல்லவராகி, ஸ்வாதித் திருநாள் மஹாராஜாவிடமிருந்து 1834-இல் தந்தத்தாலான பிடிலைப் பரிசாகப் பெற்றார். சீமையிலிருந்து வந்த வாத்யம் இரண்டு தலைமுறைக்குள் நம் வாத்யமாகிவிட்டது.

தம்பி வாத்யத்தைக் கைக்கொண்டார். தமையனார் மெட்டைக் கைக்கொண்டார்.

நோட்டுஸ்வரம் என்பது

இங்கிலீஷில் ஸ்வரக் குறியீட்டை நோட்டு என்பர். அந்த நோட்டின்படி அமைந்த மெட்டுக்கு ஸாஹித்யம் செய்தமையால் இவற்றுக்கு நோட்டுஸ்வர ஸாஹித்யங்கள் என்று பெயர் வந்தது. இப்பொழுது கிடைப்பவை சுமார் நாற்பது. அனைத்தும் ஸங்கராபரண மேளத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. ஏனெனில் அவர்கள் பெரும்பாலும் கையாளும் ஸ்வர வரிசையும், நமது 29-ஆவது மேளமான தீரசங்கராபரணத்தின் ஸ்வர வரிசையும் ஒன்றே.

ஆனால் இவற்றை நாம் வழக்கமாகப் பாடும் சங்கராபரண ராகம் என்று சொல்வது பொருந்தாது. ராகம் என்பது ஸ்வர வரிசை மட்டும் அன்று. கமகமும் ஸஞ்சாரமும் சேர்ந்தே ராகமாகும். கீவளூர் ஆலயத்தில் தீக்ஷிதர் சங்கராபரணத்தில் பாடிய அக்ஷயலிங்க விபோ என்ற கிருதியையும், ஒரு நோட்டுஸ்வரத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்த பேதம் குழந்தைக்கும் விளங்கும். முன்னது ஆழ்ந்த கடல் போல் அசைவது; பின்னது கற்படிகளில் ஓடும் சிற்றோடை போல் துள்ளுவது. பல்லவி, அநுபல்லவி, சரணம் என்ற அங்கங்களும் நோட்டுஸ்வரங்களில் இல்லை. அந்த மெட்டுகளைத் தம் வழிக்கு வளைக்காமல், அவை இருந்த வண்ணமே ஏற்று, சொல்லை மட்டும் தீக்ஷிதர் அளித்தார்.

அந்தச் சொல்லை அளித்த திறம் வியக்கத்தக்கது. கிருதியில் ஒரு எழுத்தை நீட்டி அதன்மேல் பல ஸ்வரங்களை ஓடவிடலாம். பாண்டு மெட்டில் அதற்கு அதிக இடம் இல்லை. பெரும்பாலும் ஒரு ஸ்வரத்துக்கு ஓர் எழுத்து என்றே அமையும். நீண்ட ஸ்வரத்தில் லகு விழுந்தால் சொல் சிதையும். குறுகிய ஸ்வரத்தில் குரு விழுந்தால் தாளம் தடுக்கும். அர்த்தமும் கெடாமல், வ்யாகரணமும் பிழையாமல், மாத்ரையும் தவறாமல் சொற்களை நிறுத்தவேண்டும். ஸம்ஸ்க்ருதத்தில் விபக்தி ப்ரத்யயம் சொல்லோடு சேர்ந்தே இருப்பதால் வாக்யத்தில் பதங்களை முன்பின்னாக மாற்றி வைக்கலாம். இந்த ஸௌகர்யத்தைத் தீக்ஷிதர் நன்கு பயன்படுத்தினார். பெரும்பாலும் ஸம்போதனமாகவோ, வந்திக்கிறேன், பஜிக்கிறேன் என்ற பொருளில் த்விதீயா விபக்தியிலோ அமைந்த எளிய வாக்யங்கள். நீண்ட ஸமாஸங்கள் குறைவு. பிற்காலத்தில் எட்டு விபக்திகளிலும் கிருதி வரிசைகளை இயற்றப்போகும் வாக்கு இந்தச் சிறு உருப்படிகளிலும் தெளிவாகத் தெரிகிறது.

அரசன் இருந்த இடத்தில் அம்பிகை

இவற்றுள் மிகவும் பிரஸித்தமானது இங்கிலீஷ் ராஜகீத மெட்டில் அமைந்தது. அரசனைக் கடவுள் காப்பாராக என்ற கருத்துடைய அந்தப் பாட்டு லண்டனில் 1745-ஆம் ஆண்டு முதல் பரவியது. தீக்ஷிதர் கோட்டை வாத்யம் கேட்ட காலத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். கோட்டையில் அந்த மெட்டு எழுந்தால் அது அம்மன்னருக்குச் செலுத்தும் வணக்கம்.

அந்த மெட்டு மூன்று மூன்று அக்ஷரமாக நடக்கும் திஸ்ர நடை கொண்டது. முதல் மூன்று ஸ்வரங்கள் ஒரே அளவாக நிற்கும்; அடுத்த மூன்றில் முதலாவது நீண்டும், இரண்டாவது குறுகியும் வரும். அந்த நீண்ட இடத்தில் குருவும், குறுகிய இடத்தில் லகுவும் தாமாகவே வந்து அமர்ந்தது போலத் தீக்ஷிதரின் ஸாஹித்யம் அமைந்துள்ளது. ஸங்கீதத்துக்கு அதிதேவதையான ச்யாமளையை இடைவிடாது காத்தருள வேண்டுவது அதன் கருத்து.

அந்நியர் கையில் தேசம் மெல்லமெல்லச் சென்றுகொண்டிருந்த காலம் அது. கோட்டையின் கொடியும் பட்டாளமும் அம்மன்னருடையவை. அந்த மெட்டையே எடுத்து, அதிலிருந்த மன்னனை மெதுவாக இறக்கிவிட்டு, லோகமாதாவை அந்த ஸிம்ஹாஸனத்தில் எழுந்தருளப் பண்ணினார் ஒரு இளம் வைதிகர். இதில் த்வேஷமும் இல்லை; தாஸ்யமும் இல்லை. அரசனுக்கு உரியதாக இருந்த நாதம் அதன் உண்மையான உடையவளிடம் சேர்க்கப்பட்டது.

இவ்வாறே ஐர்லாந்து தேசத்து லிமரிக் என்ற மெட்டு மதுரை மீனாக்ஷிக்கு வந்தனமாயிற்று. ப்ரெஞ்சு பாஷையில் ஒரு மங்கையை நடனத்துக்கு அழைக்கும் பாட்டின் மெட்டு, சக்தியோடு கூடிய விநாயகருக்குத் துதியாயிற்று என்பர். ஸ்ரீராமசந்த்ரமூர்த்தியின் மீதும், ஆஞ்ஜநேய ஸ்வாமியின் மீதும் இவற்றில் ஸாஹித்யங்கள் உண்டு. நடனக் கூடத்திலும் படை வரிசையிலும் திரிந்த மெட்டுகளுக்கு ராமநாமம் கிடைத்ததை அவற்றின் பாக்யம் என்றே சொல்லவேண்டும்.

காசியும் திருத்தணியும்

மணலிக்குச் சிதம்பரநாத யோகி என்ற மஹான் எழுந்தருளினார். முத்துஸ்வாமியின் பக்குவத்தைக் கண்டு, தம்முடன் காசிக்கு அனுப்புமாறு பெற்றோரைக் கேட்டார். ப்ரிய மனமில்லாமலே அவர்கள் இசைந்தனர். காசியில் சில ஆண்டுகள் குருவுக்குச் சுச்ரூஷை செய்து, ஸ்ரீவித்யா உபாஸனையும் வேதாந்தமும் பெற்றார் தீக்ஷிதர். வடதேசத்து ஸங்கீதத்தையும் அங்கே நிறையக் கேட்டார். ஒருநாள் குருவின் ஆஜ்ஞைப்படி கங்கையில் இறங்கியபோது, ராமநாமம் பொறித்த வீணை ஒன்று அவர் கையில் வந்து சேர்ந்தது என்பது ஐதிஹ்யம்.

குரு ஸித்தியடைந்த பின் தெற்கே திரும்பி, திருத்தணி மலையில் தவமிருந்தார். அங்கே ஒரு முதியவர் வடிவில் முருகன் தோன்றி வாயில் கற்கண்டை இட்டு மறைய, மாயாமாளவகௌள ராகத்தில் முதல் கிருதி பிறந்தது. அன்று முதல் குருகுஹ என்பதே அவர் முத்திரை.

காசியில் கேட்ட ஸங்கீதமும் வீண்போகவில்லை. யமுனா கல்யாணி, த்விஜாவந்தி, பிருந்தாவன ஸாரங்கா ஆகிய ராகங்களில் அவர் கிருதிகள் உண்டு. த்விஜாவந்தியில் பாலக்ருஷ்ணனைத் தியானிக்கும் கிருதியும், பிருந்தாவன ஸாரங்காவில் அரங்கனையும் நாகை ஸௌந்தரராஜனையும் பாடிய கிருதிகளும் வித்வான்களால் இன்றும் பாடப்படுகின்றன. மேற்கிலிருந்து வந்ததற்கும் வடக்கிலிருந்து வந்ததற்கும் தீக்ஷிதர் கதவை அடைத்தவர் அல்லர். வந்ததை எங்கே கொண்டு சேர்ப்பது என்பதில் மட்டும் அவருக்கு ஒரு நாளும் ஸந்தேகம் இருந்ததில்லை.

க்ஷேத்ர யாத்ரையும் வைராக்யமும்

காஞ்சியில் உபநிஷத் ப்ரஹ்மேந்த்ரரிடம் இருந்து, அவர் இயற்றிய ராமாஷ்டபதிக்கு இசை அமைத்தார். பின்னர் திருவாரூரில் நெடுங்காலம் வாஸம் செய்தார். கமலாம்பா நவாவரணமும், நவக்ரஹங்களின் மீதான கிருதிகளும் அவர் கீர்த்தியை நிலைநிறுத்தின. வயிற்று நோயால் வருந்திய தம்பியப்பன் என்ற சிஷ்யருக்காகவே ப்ருஹஸ்பதியின் மீது அடாணாவில் பாடினார் என்பர். தஞ்சையில் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வரும் அவரிடம் பயின்றனர்.

வீட்டில் வறுமை நீங்கவில்லை. பொன்னாபரணம் அணிய ஆசைப்பட்ட பத்னி, தஞ்சை அரசரைப் பாடினால் குறை தீருமே என்று எண்ணினாள். மனுஷ்யனைப் பாடிப் பொன் பெறுவதற்குத் தீக்ஷிதர் ஸம்மதிக்கவில்லை. பொன்மயமான மஹாலக்ஷ்மியையே லலிதா ராகத்தில் பாடினார். அன்றிரவு அந்த அம்மையாருக்குக் கனவில் தாயார் ஸர்வாபரண பூஷிதையாகக் காட்சியளிக்க, அத்துடன் பொன்னாசை ஒழிந்தது என்று சொல்வர்.

இந்தச் சம்பவத்தை முன் சொன்ன ராஜகீதத்துடன் சேர்த்துப் பார்க்கவேண்டும். அருகிலிருந்த அரசரைப் பொன்னுக்காகவும் பாடாதவர், தூர தேசத்து அரசனின் மெட்டை ஏன் எடுத்தார் என்ற கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது. அவர் நரஸ்துதியைத் தள்ளினார், நாதத்தைத் தள்ளவில்லை.

கீவளூர் ஸந்நிதியில் ஒருமுறை அர்ச்சகர் நடை சாற்றும் வேளையில் தீக்ஷிதர் வந்தார். சற்றுப் பொறுக்குமாறு கேட்டும் அர்ச்சகர் இசையாமல் கதவைப் பூட்டிச் சென்றார். வெளியில் நின்றே அவர் பாட, கதவு தானே திறந்தது என்பது வரலாறு. ஆலய கைங்கர்யத்தில் இருக்கும் என் போன்றவர்கள் அடிக்கடி நினைத்துக்கொள்ளவேண்டிய சரித்ரம் இது. ஸேவார்த்திகளில் யார் எத்தகைய அதிகாரியோ, பகவான் ஒருவனே அறிவான்.

கடைசிக் காலம்

தந்தையார் 1817-இல் பரமபதித்தார். தம்பியர் தெற்கே சென்றிருந்தனர். சின்னஸ்வாமி மதுரையில் காலமான செய்தி கேட்டு, பாலுஸ்வாமியைத் தேடிப் புறப்பட்ட தீக்ஷிதர், அவர் எட்டயபுர ஸமஸ்தானத்தில் இருப்பதை அறிந்து அங்கே சென்றார். வழியில் வறண்டு கிடந்த பூமியைக் கண்டு மனம் உருகி அம்ருதவர்ஷிணியில் பாட, மழை பொழிந்தது என்பர். 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில், சிஷ்யர்கள் மீனாக்ஷியின் மீதான கிருதியைப் பாடிக்கொண்டிருக்க, எட்டயபுரத்தில் ஸித்தியடைந்தார். அவர் ஸமாதி அங்கே உள்ளது.

நோட்டுஸ்வரங்கள் நமக்குக் கிடைத்த வழியும் சிந்திக்கத்தக்கது. ஆந்த்ர பாஷைக்குப் பெருந்தொண்டாற்றிய சி. பி. பிரௌன் துரையின் சேகரத்தில் இவை எழுதி வைக்கப்பட்டிருந்தன. பாலுஸ்வாமியின் தௌஹித்ரரும் ஸ்வீகார புத்ரருமான ஸுப்பராம தீக்ஷிதர் (1839 - 1906), சின்னஸ்வாமி முதலியார் என்ற ரஸிகரின் வற்புறுத்தலாலும், எட்டயபுரம் அரசரின் பொருளுதவியாலும், 1904-இல் ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினியை வெளியிட்டார். அடுத்த ஆண்டில், ஆரம்பப் பாடங்களுக்காக அவர் வெளியிட்ட ப்ரதமாப்யாஸ புஸ்தகத்தில் நோட்டுஸ்வரங்கள் முப்பதுக்கு மேல் இடம்பெற்றன. பெரிய கிருதிகளைப் பாடமுடியாத சிறுவர்களும் தீக்ஷிதரின் வாக்கைத் தொடவேண்டும் என்பது அவர் திருவுள்ளம் போலும்.

ஒரு விசாரம்

பாண்டு மெட்டைத் திருக்கோயிலில் பாடலாமா, அது நம் ஆசாரத்துக்கு ஒத்ததா என்று ஆஸ்திகர் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆலயத்தில் எதையும் நுழைய விடலாம் என்று யாரும் சொல்லமுடியாது. நித்யாராதனத்தில் ஆகமம் விதித்ததே ப்ரமாணம். அங்கே புதுமைக்கு இடமில்லை. தீக்ஷிதரும் பூஜா பத்ததியில் பாண்டு வாத்யத்தைச் சேர்க்கவில்லை.

ஆனால் விதியின் எல்லைக்கு வெளியே பக்தி செய்யும் ஸமர்ப்பணம் விசாலமானது. புஷ்பம் எந்தத் தோட்டத்தில் பூத்தது என்று பெருமாள் கேட்பதில்லை. அதைப் பறித்தவன் யாருக்காகப் பறித்தான் என்பதே அவன் திருவுள்ளத்தில் படுவது. அதே ஸமயம் வாடிய பூவையும் முகர்ந்த பூவையும் ஸமர்ப்பிக்கலாகாது. ஆகவே இரண்டும் வேண்டும்: எதையும் வெறுக்காத மனமும், எதையும் சுத்தி செய்து ஸமர்ப்பிக்கும் ஜாக்ரதையும். கேட்ட மெட்டை அப்படியே பாடி மகிழ்ந்தவர் பலர் இருந்திருப்பர். அதற்கு வேத பாஷையின் சொல்லையும், தேவதையின் நாமத்தையும், குருவின் முத்திரையையும் இட்டவர் தீக்ஷிதர் ஒருவரே.

இக்காலத்தில் நம் குழந்தைகளின் காதில் நாலா திசையிலிருந்தும் மெட்டுகள் வந்து விழுகின்றன. அவற்றை அடைக்க நம்மால் ஆகாது. அடைப்பதைவிட, தீக்ஷிதர் பெற்ற கல்வியில் ஒரு திவலையையாவது அவர்களுக்கு அளிப்பதே நம் கடமை. மொழி தெரிந்து, ஸ்வரம் தெரிந்து, பகவந்நாமத்தில் ருசியும் இருந்தால், வருவதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அவை இல்லாவிடில் நம்முடையதே நமக்கு அந்நியமாகிவிடும்.

உத்ஸவத்துக்கு எழுந்தருளியிருக்கும் அன்பர்கள் தம் க்ருஹங்களில் குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு நோட்டுஸ்வரங்களையாவது கற்பிக்கவேண்டுமென ப்ரார்த்திக்கிறேன். ராமன் மீதும் அநுமன் மீதும் உள்ளவற்றிலிருந்து தொடங்கலாம். ஐந்து வயதுக் குழந்தையும் சில நாட்களில் பாடிவிடும். உத்ஸவ மூர்த்தியின் கடாக்ஷத்தால் அனைவரும் ஸகல மங்களங்களையும் பெற்று வாழ்வார்களாக.

சுபம்.